சென்னையை விட்டு நகராமல் ஊர் ஊராகச் சாப்பிட முடியுமா? எங்கள் இரண்டு வருட அனுபவமும் ஒரு கேள்வியும்

வேளச்சேரிவாசி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஆறு பேர், கல்லூரியில் இருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள். இப்போது இரண்டு பேருக்கு ஓஎம்ஆரில் வேலை, ஒருவன் அம்பத்தூர் எஸ்டேட்டில், மற்றவர்கள் ஊருக்குள். கல்யாணம், குழந்தை, நைட் ஷிப்ட் என்று முகம் பார்ப்பதே குறைந்துபோனதால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு மாதமும் வேறு மாநிலத்துச் சாப்பாடாக இருக்க வேண்டும், அதையும் சென்னையை விட்டு வெளியே போகாமலே செய்ய வேண்டும்.

முதல் எட்டு மாதம் ஓட்டல் ஓட்டலாகப் போனோம். பஞ்சாபி, ராஜஸ்தானி, லக்னோ, காஷ்மீரி என்று போர்டில் என்ன எழுதியிருந்ததோ அதை நம்பினோம். எட்டாவது மாதம் சாப்பிட்டு முடித்து வாசலில் பீடா போட்டுக்கொண்டிருக்கும்போது எங்களில் ஒருத்தி கேட்டாள், "போன மாசம் சாப்பிட்டதுக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?" யாருக்கும் பதில் வரவில்லை. அதே சிவப்புக் குழம்பு, மேலே அதே கசூரி மேத்தி, பெயர் மட்டும்தான் வேறு. காஷ்மீரி புலாவ் என்று வந்தது டின்னில் அடைத்த பழமும் செர்ரியும் போட்ட இனிப்புச் சோறு. எனக்கு அன்றைக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, காசு போனதற்காக இல்லை, எட்டு ஞாயிற்றுக்கிழமை போனதே என்று.

அப்புறம் சித்திரை வெயிலில் அம்பத்தூர் நண்பனுடைய கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் கொரட்டூரில் இருக்கும் தன் வீட்டுக்கு எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, வெயிலுக்குச் சாப்பிடுவது என்றுதான் சொன்னார். தரையில் உட்கார வைத்து ஆளுக்கொரு வெண்கலக் கிண்ணம் வைத்தார்கள். உள்ளே முந்தின நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. அதில் கொஞ்சம் தயிர் கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தாளித்துக் கொட்டியிருந்தார்கள். பகாளா என்று பெயர். தொட்டுக்கொள்ள கீரை வதக்கல், பொரித்த மீன், அப்புறம் படி சூரா. படி என்பது உளுந்தை அரைத்துக் கிள்ளி வைத்து வெயிலில் காயவைத்த வடகம். அதைப் பொரித்து, பச்சைப் பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாயோடு அந்த அக்கா எங்கள் கண்முன்னாலேயே கையால் நொறுக்கினார். நொறுங்கும் சத்தம் அடங்குவதற்குள் மேலே ஒரு கரண்டி பச்சைக் கடுகெண்ணெய். மூக்கில் ஏறி உச்சந்தலைக்குப் போய்விட்டது.

நான் சோற்றைப் பிழிந்து சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைக் கிண்ணத்தில் மிச்சம் வைத்தேன். அந்த அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மடக் மடக்கென்று குடித்துக் காட்டினார். அந்தத் தண்ணீருக்குத் தோராணி என்று பெயர், உயிரே அதில்தான் இருக்கிறது என்றார். எங்கள் ஆச்சி காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்புவது எனக்கு அப்படியே ஞாபகம் வந்துவிட்டது. பூரி ஜெகந்நாதர் கோயிலில் இந்தப் பகாளாவை நைவேத்தியமாகவே வைக்கிறார்களாம். மார்ச் 20-ஐப் பகாளா தினம் என்று ஊரே கொண்டாடுகிறது. நாம் பழைய சோறு என்று சொல்லி வெளியாள் முன்னால் எடுத்து வைக்கக் கூச்சப்படுவதை அவர்கள் விருந்தாளிக்கு வெண்கலத்தில் போடுகிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் விதி மாறிவிட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாத சாப்பாட்டை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எதை முதலில் சாப்பிடுவது, எதை எதோடு பிசைவது, எதை மிச்சம் வைக்கக்கூடாது என்பதெல்லாம் சாப்பாட்டில் பாதி. அதை மெனு கார்டு சொல்லாது.

உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் சென்னையில் வேற்று ஊர்ச் சாப்பாட்டை உண்மையாகச் சாப்பிட்டது எங்கே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஓட்டல் பெயர்கள் எல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கிறது, அது வேண்டாம்.

பழைய கரண்டி

பதினோரு வருடம் ஓட்டல் கிச்சனில் இருந்தவன் நான். "அதே குழம்பு" என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் சமைப்பவர்களுக்குத் தெரியவில்லை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

காலையில் கிச்சனில் முதல் வேலை கிரேவி போடுவது. வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த சிவப்பு, வெங்காயமும் முந்திரியும் வேகவைத்து அரைத்த வெள்ளை, தக்காளியில் வெண்ணெய் போட்ட மக்னி. மூன்று அண்டா. ஆர்டர் வந்தால் அதிலிருந்து இரண்டு கரண்டி, பனீரோ சிக்கனோ போட்டு, ஒரு பொடி தூவி, பதினைந்து நிமிடத்தில் டேபிளுக்குப் போக வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்காத எதுவும் மெனுவில் இருக்காது. ராஜஸ்தானில் 'பாட்டி' என்று ஒரு கோதுமை உருண்டை, அதை நின்று நிதானமாகச் சுட வேண்டும். கடுகு விழுதை அரைத்து வைத்தால் நேரம் ஆக ஆக கசக்கும். அதனால் அதெல்லாம் மெனுவில் ஏறுவதில்லை, அண்டாவில் ஏறுவதுதான் "வட இந்தியா" ஆகிவிடுகிறது.

ஆனால் அதே கிச்சனில் பாதிப் பேர் வங்காளம், ஒடிசா, அசாம், நேபாளம். மதிய வேலை முடிந்து மூன்றரை மணிக்கு அவர்கள் தங்களுக்கு என்று ஒன்று சமைப்பார்கள். மசூர் பருப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கைப் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் விட்டுப் பிசைந்தது, சுடுசோறு. நான் வேலை பார்த்த மூன்று கிச்சனிலும் அன்றைய நாளின் நல்ல சாப்பாடு அதுதான். அது ஒரு நாளும் வெளியே டேபிளுக்குப் போனதில்லை.

ஆயிரம்விளக்கு

வேளச்சேரிவாசி சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போவேன். எல்லோருக்கும் ஒடிசா நண்பர் வீடு கிடைக்காது. வெளியே சாப்பிடுவது என்றாலே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். என் கணக்கு வேறு. அந்தக் கடையில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஆசைக்குச் சாப்பிட வருபவர்களை நம்பிய கடையா, வேறு வழியில்லாமல் தினமும் சாப்பிட வருபவர்களை நம்பிய கடையா?

நான் கிரீம்ஸ் ரோடு பக்கம் இருபது வருடமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகள், பங்களாதேஷ்காரர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள், அதனால் சந்துகளில் போர்டே வங்காள எழுத்தில் இருக்கும். அறையில் சமைத்துக்கொள்ள அடுப்பு, பாத்திரம் தரும் லாட்ஜுகள் உண்டு. முனைக் கடையில் கடுகெண்ணெயும் கசகசாவும் மசூர் பருப்பும் எப்போதும் இருக்கும். அங்கே இருக்கும் சின்ன மெஸ்களில் உருளைக்கிழங்கும் கசகசா விழுதும் போட்ட ஆலு போஸ்தோ, காரமில்லாத மீன் ஜோல் என்ற தண்ணிக் குழம்பு, மெலிதாக எலுமிச்சை பிழிந்த பருப்பு. நோயாளியோடு வந்து பத்து நாளாக வெளியூரில் தவிக்கும் மனுஷன் சாப்பிடுவது. அவரை ஏமாற்ற முடியாது, ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களே பேசுவார்கள். போன வருடம் ஒரு பெரியவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, முதலில் பருப்பு, அப்புறம்தான் மீன் என்று சைகையாலேயே சொல்லிக் கொடுத்தார். அவருடைய மனைவி அன்றைக்கு ஆபரேஷனில் இருந்தார்.

ஆந்திரா மெஸ்ஸும் அப்படித்தான். சேப்பாக்கத்தில் 1961-ல் தொடங்கிய நாயர் மெஸ்ஸும் அப்படித்தான். அங்கெல்லாம் போய் நிற்பவர்களைப் பாருங்கள், போட்டோ எடுக்க வந்த கூட்டம் கிடையாது.

வேளச்சேரிவாசி

ஆயிரம்விளக்கு அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்தவர்தானே, விதி உடையவில்லை.

கடுகு மருமகள்

நான் மயிலாப்பூரில் பிறந்து வங்காளி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், பதினான்கு வருடம் ஆகிறது, இருப்பது அண்ணா நகரில். மேலே அந்தப் பெரியவர் சொன்னதை விளக்கிவிடுகிறேன்.

நம் இலையில் எல்லாம் ஒன்றாக வந்துவிடும், நாம் வேண்டியதைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவோம். வங்காளி வீட்டில் ஒன்று முடிந்துதான் இன்னொன்று. முதலில் கசப்பு. பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் போட்ட சுக்தோ, பால் கொஞ்சம் விட்டது. அப்புறம் பருப்பும் பொரியலும், அப்புறம் மீன், அப்புறம் கறி இருந்தால் கறி, அதற்குப் பிறகு இனிப்பும் புளிப்புமாகத் தக்காளியோ மாங்காயோ போட்ட சட்னி, கடைசியில் மிஷ்டி, அதாவது இனிப்பு. கல்யாணமான புதிதில் நான் நம் ஊர்ப் பழக்கத்தில் சுக்தோவையும் மீனையும் ஒரே வாயில் வைத்தேன். மாமியார் திட்டவில்லை. மறுநாளில் இருந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரிமாற ஆரம்பித்தார், ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில்தான் கசப்பு முதலில் ஏன் வருகிறது என்று என் நாக்குக்குப் புரிந்தது.

கடுகெண்ணெய் பிடிக்கவில்லை என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், நீங்கள் அதைப் புகைய விட்டீர்களா? தாளிக்க வேண்டுமென்றால் எண்ணெய் நன்றாகக் காய்ந்து மேலே புகை கிளம்பி, மஞ்சள் நிறம் கொஞ்சம் வெளுத்த பிறகு தீயைக் குறைத்து அப்புறம்தான் எதையும் போட வேண்டும். நல்லெண்ணெய் காய்கிற மாதிரி இதைக் காயவைத்தால் நெடி போகாது. பச்சையாக ஊற்றுவது வேறு கணக்கு, அது நெடிக்காகவே ஊற்றுவது. கடுகு விழுது அரைக்கும்போது உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்தால் கசக்காது. என் மாமியார் அம்மியில்தான் அரைப்பார், மிக்ஸியில் ஓடவிட்டால் சூடேறிக் கசந்துபோகும் என்பார்.

இன்னொரு விஷயம். அவர்கள் உயிரை விடும் இலிஷ் மீன் நமக்கு அன்னியம் இல்லை, தமிழில் உள்ளம் மீன் என்று பெயரே இருக்கிறது. கோதாவரிக்கரையில் அதுவேதான் புலசை, தாலியை விற்றாவது தின்ன வேண்டும் என்று அங்கே பழமொழி. முள் அவ்வளவு இருக்கும், பேசிக்கொண்டே சாப்பிட முடியாது. ஆறு நண்பர்கள் ஒன்றாக உட்கார்ந்தும் அரைமணி நேரம் சத்தமே இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் இலிஷ் வாங்குங்கள்.

ஹௌரா மெயில்

கடுகு மருமகள் அக்கா சொன்னது அத்தனையும் சரி. ரசகுல்லா யாருடையது என்பதையும் சொல்லிவிடுங்கள், அது எங்கள் கொல்கத்தாவுடையது. 1868-ல் நபின் சந்திர தாஸ்.

வேளச்சேரிவாசி

அந்தச் சண்டையை இங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் நண்பரே. வங்காளத்து ரசகுல்லாவுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஒடிசா ரசகுல்லாவுக்கு 2019-ல் தனியாகக் கிடைத்தது. கொரட்டூர் வீட்டில் சாப்பிட்டது கொஞ்சம் பழுப்பாக, இன்னும் மெத்தென்று இருந்தது. இரண்டும் இரண்டு பண்டம், எனக்கு இரண்டும் வேண்டும்.

மிண்ட் தெரு

சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழன். எங்கள் காம்பவுண்டில் எட்டு குடும்பம், நாங்கள் ஒரே தமிழ் வீடு, மற்றதெல்லாம் மார்வாடி, குஜராத்தி. எல்லோரும் சௌகார்பேட்டை என்றால் ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச், பாதாம் பால் என்று ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் அது தெருவில் கிடைப்பது. வீட்டுக்குள் கிடைப்பதைச் சொல்கிறேன்.

தைப்பொங்கல் அன்று நம் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கிண்டும்போது எதிர் வீட்டில் உத்தராயணத்துக்கு உந்தியு ஆகிக்கொண்டிருக்கும். குஜராத்தியில் உந்து என்றால் தலைகீழ். சூரத் பக்கத்துக் கிராமங்களில் காய்களை மண்பானையில் அடைத்து, பானையைத் தலைகீழாகக் குழியில் வைத்து, மேலே நெருப்பு மூட்டுவார்கள். இங்கே குழி எங்கே தோண்டுவது, பெரிய அலுமினிய டேக்சாவில்தான். சூரத்து அவரைக்காய், கத்தரிக்காய், சின்ன உருளை, ஊதா நிற வள்ளி, வெந்தயக்கீரை போட்ட முட்டியா உருண்டை, பச்சைப் பூண்டுத்தாள் கைநிறைய. எல்லாம் குளிர்காலத்துக் காய். அதனால்தான் ஜனவரியில் மட்டும். ஜூன் மாதத்தில் உந்தியு என்று யாராவது போட்டால் சாப்பிடாதீர்கள். எங்கள் அம்மா ஒரு தூக்கு வாளியில் பொங்கல் கொடுத்தனுப்புவார், அதே தூக்கு உந்தியுவோடு திரும்பி வரும். காலித் தூக்கைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இரண்டு வீட்டுக்கும் கிடையாது.

ஜைன வீடுகளில் மண்ணுக்குள் விளைவது எதுவும் கிடையாது, வெங்காயம், பூண்டு, உருளை எல்லாம் விலக்கு. அதனால் அவர்கள் பாவ் பாஜியை வாழைக்காயில் செய்கிறார்கள். அதைக் குறைச்சலாக நினைக்காதீர்கள், மசித்த வாழைக்காய் வெண்ணெயை இழுக்கிற மாதிரி உருளை இழுக்காது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாதவர்களும் உண்டு, ராத்திரி எட்டு மணிக்கு விருந்துக்குக் கூப்பிட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

ராஜஸ்தானி என்றால் எல்லோரும் தால் பாட்டி சூர்மா. எனக்குக் கேர் சாங்ரிதான். காய்ந்து சுருங்கிய குச்சி மாதிரி இருக்கும், ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயில் மிளகாய், மாங்காய்ப் பொடி போட்டுப் புரட்டுவார்கள். மழையே இல்லாத ஊரில் வருடம் முழுவதும் வைத்துக்கொள்ளும் காய். கேர் என்பது முட்புதரில் காய்க்கும் சின்னக் காய், சாங்ரி என்பது கேஜ்ரி மரத்துக் காய், அந்தக் கேஜ்ரி வேறு எதுவும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் சுற்றிக் கும்பிடுகிறோமே, அதே மரம். 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பாட்டிமா சாங்ரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு காய் கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பாத்திரத்தில் போடுவார்.

புதுசா வந்தவர்

நான் சுத்த சைவம். குஜராத், ராஜஸ்தான் தவிர எனக்கு என்ன இருக்கிறது? காஷ்மீர், வடகிழக்கு எல்லாம் என்னால் முடியாதே.

உதம்பூர் பிள்ளை

காஷ்மீரை விட்டுவிடாதீர்கள். அப்பா ராணுவத்தில் இருந்ததால் பள்ளிப் படிப்பு பாதி உதம்பூரில். பக்கத்து வீடு காஷ்மீரி பண்டிட் குடும்பம், அவர்கள் கறி சாப்பிடுவார்கள், ஆனால் அவர்களுடைய பாரம்பரியச் சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது. பெருங்காயம், சோம்புத்தூள், சுக்குத்தூள், இந்த மூன்றும்தான். நம் அஞ்சறைப்பெட்டியிலேயே எல்லாம் இருக்கிறது. தாமரைத் தண்டைத் தயிரில் வேகவைத்த நத்ரு யக்னி செய்து பாருங்கள், தயிர் திரியாமல் இருக்க ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தாமரைக்கிழங்கு வற்றல் வறுத்துத் தின்ற நாக்குக்கு அது உடனே பிடிக்கும். நானும் என் மனைவியும் மழைக்காலத்தில் பெரம்பூர் வீட்டில் செய்கிறோம், தண்டு கிடைக்கும் நாளில்.

அசைவக்காரர்களுக்கு ஒன்று. ஸ்ரீநகரில் ஒரு கல்யாணத்தில் வாஸ்வான் என்ற விருந்து சாப்பிட்டேன். திராமி என்ற பெரிய செம்புத் தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு பேர். தட்டு நடுவில் சோறு, அவரவர் எதிரில் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும், பக்கத்தவர் பங்கில் கை நீளக்கூடாது. கடைசியில் கோஷ்தாபா என்ற தயிரில் வெந்த கறி உருண்டை வந்தால் விருந்து முடிந்தது என்று அர்த்தம். முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே தட்டில் சாப்பிட்டு எழுந்தபோது அவர்களில் ஒருவர் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

சூளைமேடு

வடகிழக்கு பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் மேல் மாடியில் மணிப்பூர்ப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், இரண்டு பேர் பார்லரில் வேலை, ஒருத்தி நர்சிங் படிப்பு. என் பெண்ணுக்கு அவர்கள் என்றால் உயிர். ஒரு நாள் எரோம்பா செய்து கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் வேகவைத்து, சுட்ட மிளகாயும் ஙாரியும் சேர்த்து மசித்தது. ஙாரி என்றால் சின்ன மீனைக் காயவைத்துப் பானையில் இறுக்கி அடைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பது. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. முதல் வாயில் மூக்கு சுருங்கியது, மூன்றாவது வாயில் அது எங்கள் ஊர் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கின் தங்கச்சி என்று தெரிந்துவிட்டது.

வீட்டு ஓனர் வாசனை தாங்கவில்லை என்று ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொன்னார். நான் போய்ப் பேசினேன். நாங்கள் கருவாடு வறுக்கும்போது அவர் என்றைக்காவது கேட்டதுண்டா என்று கேட்டேன். "அது நம்ம சாப்பாடும்மா" என்றார். அந்தப் பெண்கள் போகும்போது ஒரு பொட்டலம் கருப்பு அரிசி கொடுத்துவிட்டுப் போனார்கள். சக்காவ் என்று பெயர், அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாலில் வேகவைத்துப் பாயசம் செய்யச் சொன்னார்கள். என் பிறந்த வீடு காரைக்குடி. கல்யாணத்துக்குக் கவுனி அரிசியை வேகவைத்துத் தேங்காயும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து வைப்போமே, அதே நிறம், அதே வாசனை. நம் கவுனியே பர்மாவுக்குப் போன செட்டியார்கள் கொண்டுவந்தது என்பார்கள், மணிப்பூரோ பர்மாவை ஒட்டிய ஊர். அந்தப் பொட்டலத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பாரிமுனை

பர்மா என்றதும் கேட்கிறேன், அத்தோ இந்தக் கணக்கில் வருமா? 1960களில் ரங்கூனில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பர்மா பஜார் பக்கம் போட்ட தள்ளுவண்டிகள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கியது, எல்லாம் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். பர்மாக்காரன் போடும் மீனை நம் ஆட்கள் குறைத்து வாழைத்தண்டைக் கூட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது இப்போது சென்னைச் சாப்பாடு.

வேளச்சேரிவாசி

வரும் அண்ணே, தாராளமாக வரும்.

சைட் இன்ஜினியர்

சிறுசேரியில் கட்டட வேலை பார்க்கிறேன். எங்கள் சைட்டில் பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஆட்கள் நூற்றுக்கு மேல். இங்கே யாரும் அவர்களைச் சொல்லவில்லை, சென்னையில் இவ்வளவு மாநிலச் சாப்பாடு தினமும் ஆவது அவர்களுடைய தகரக் கொட்டகையில்தான்.

மே மாத வெயிலில் பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பீகார்க்கார மேஸ்திரி ஒரு டம்ளரில் சத்துவைக் கரைத்து, உப்பு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம் போட்டுக் கொடுத்தார். வறுத்த கடலை மாவு அவ்வளவுதான், நம் பொட்டுக்கடலை மாவுக்குச் சொந்தக்காரன். நாலு மணி வரைக்கும் பசி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டி போடுவார்கள். அதே சத்துவில் ஓமம், கருஞ்சீரகம், ஊறுகாய் மசாலா, கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, கோதுமை உருண்டைக்குள் பூரணமாக வைத்து, வரட்டி நெருப்பில் போடுவது. வெந்ததும் ஒரு பழைய துணியில் போட்டு மூட்டையாகப் பிடித்துக் குலுக்குவார்கள், சாம்பல் எல்லாம் உதிர்ந்துவிடும். அப்புறம் நடுவில் பிளந்து நெய்யில் முக்கி, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு.

முதல் பதிவில் பழைய சோறு பற்றி எழுதியிருந்தீர்கள். சத்தீஸ்கர் ஆட்கள் அதையே போரே பாசி என்று காலையில் சாப்பிடுகிறார்கள், பச்சை வெங்காயம், மிளகாயோடு. 2022-ல் மே தினத்தன்று எல்லோரும் போரே பாசி சாப்பிட வேண்டும் என்று அங்கே மாநில அரசே அழைப்பு விட்டது, உழைப்பவர்களுக்கு மரியாதையாக. நான் வீட்டில் இருந்து பழைய சோறும் மோர் மிளகாயும் கொண்டுபோன அன்று, "சார், ஆப் பி?" (நீங்களுமா?) என்று கேட்டார்கள். அதற்கு முன் ஆறு மாதம் என்னோடு பேசத் தயங்கியவர்கள்.

கடுகு மருமகள்

எங்கள் வீட்டில் அது பாந்தா பாத். பங்களாதேஷில் வருடப் பிறப்பன்று பாந்தாவும் பொரித்த இலிஷும்தான் சாப்பாடு. அசாமில் பொய்தா பாத்.

சேட்டன்

பழங்கஞ்சியை விட்டுவிட்டீர்களே. மண்சட்டியில், காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்போடு நசுக்கிப் போட்டு, கப்பைக்கிழங்கு, கட்டித்தயிர். நான் கொளத்தூரில் இருக்கிறேன், சட்டி வீட்டில் ஆறு இருக்கிறது.

வேளச்சேரிவாசி

இதற்கு மேல் எழுதிக்கொண்டே இருக்க முடியாது, நேரில் பார்த்துவிடலாம். சித்திரை இரண்டாவது ஞாயிறு, எங்கள் வீட்டு மாடி, காலை பத்து மணி, வெயில் ஏறுவதற்குள். எல்லோரும் முந்தின நாள் ராத்திரி அவரவர் ஊர் வழக்கப்படி சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொண்டு வாருங்கள். கொரட்டூர் அக்கா படி சூரா கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சேட்டன், ஆறு சட்டியும் வேண்டும். சைட் இன்ஜினியர் சார், மேஸ்திரியையும் அந்தச் சத்தீஸ்கர் ஆட்களில் வர முடிந்தவர்களையும் கூப்பிடுங்கள், பஸ் செலவு நாங்கள் ஆறு பேர் பார்த்துக்கொள்கிறோம்.

மிண்ட் தெரு

சாங்ரி நான் கொண்டு வருகிறேன், ஊறுகாயாக. எதிர்வீட்டுப் பாட்டிமா தயிர்ச்சோறு மட்டும் சாப்பிடுவார், தனிப் பாத்திரம் வைத்தால் அவரையும் அழைத்து வருவேன்.

சூளைமேடு

அந்த நர்சிங் பெண்ணிடம் போனில் பேசினேன், அரும்பாக்கத்தில் இருக்கிறாள், வருகிறேன் என்றாள். ஒன்றுதான் கேட்கச் சொன்னாள். ஙாரி கொண்டு வரலாமா, வீட்டுக்காரர் ஏதாவது சொல்வாரா என்று.

வேளச்சேரிவாசி

வீடு எங்கள் அப்பாவுடையது. பானையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். நெத்திலிக் கருவாடு நான் வறுக்கிறேன்.